பார்சிலோனாவில் சக்ராடா ஃபமீலியா பார்த்துவிட்டேன். கட்டிய கதைக்காகவே ஸ்பெயினில் பார்க்க வேண்டிய வேறு பேராலயம் எது?

ஜிரோனா. பார்சிலோனாவிலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

பேராலயத்தின் முன்னால் ஏறக்குறைய தொண்ணூறு படிகள். எனக்கு முழங்கால் வலி உண்டு, நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன். படிகளும் முகப்பும் 17, 18ஆம் நூற்றாண்டுப் பரோக் வேலை. அழகுதான், ஆனால் அதற்காக உங்களை அனுப்பவில்லை. உள்ளே போய் நிமிர்ந்து பாருங்கள். கூடத்தில் ஒரு தூண் கிடையாது. கிட்டத்தட்ட 23 மீட்டர் அகலத்தை ஒரே கல் வளைவு தாண்டுகிறது. பாரிஸ் நோத்ர தாமின் நடுக்கூடம் சுமார் 12 மீட்டர்தான். கோதிக் (இடைக்கால ஐரோப்பாவின் கூர்வளைவுப் பாணி) கட்டடங்களில் இதைவிட அகலமான கூடம் உலகில் எங்கும் இல்லை.

இது வந்த விதம்தான் கதை. 1312இல் கோதிக்குக்கு முந்தைய ரோமனெஸ்க் பாணியில் இருந்த பழைய கோயிலுக்குப் பதிலாகப் புதியது கட்ட முடிவெடுத்து, 1347 வாக்கில் பீடப்பகுதியை முடித்தார்கள். நடுவில் உயரமான பகுதி, அதைச் சுற்றி நடைவழி என்று வழக்கமான அமைப்பு. அதைப் பார்த்தால் அடுத்து தூண் வரிசைகளால் பிரிந்த மூன்று கூடங்கள் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இடையில் யோசனை மாறி, ஒரே கூடமாக வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பிறகு பயம் பிடித்துக்கொண்டது: இவ்வளவு அகலம் நிற்குமா?

1416இல் பேராலயக் குழு பல ஊர்களிலிருந்து கட்டடத் தலைமை மேஸ்திரிகளை வரவழைத்தது. உள்ளூர் மேஸ்திரி கிய்யெம் போஃபிய்யையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். (அவர்கள் மொழியில் ‘மெஸ்த்ரே’. நம் ‘மேஸ்திரி’ போர்த்துகீசியம் வழியாக வந்த அதே சொல்தான்.) ஆளுக்கு ஆள் சத்தியம் வாங்கிக் கேட்டார்கள். தொடங்கிய ஒற்றைக் கூடத்தை ஆபத்தில்லாமல் தொடரலாமா? மூன்று கூடமாக மாற்ற முடியுமா? முடிந்துபோன பீடப்பகுதிக்கு எது பொருந்தும்? ஒவ்வொருவர் பதிலும் எழுத்தில் பதிவானது, இன்றும் இருக்கிறது. நான் ஸ்ட்ரக்சுரல் வேலை பார்க்கிறவன். எங்கள் சைட் மீட்டிங் மினிட்ஸ் ஆறு மாதம் தாண்டினால் கிடைக்காது.

ஏழு பேர் மூன்று கூடம் என்றார்கள், ஐந்து பேர் ஒன்று என்றார்கள். ஆனால் ஏழு பேரும் ‘விழுந்துவிடும்’ என்று சொன்னதாக நினைக்காதீர்கள். சிலர் நிலநடுக்கம், பெருங்காற்று என்று பயந்தார்கள். வேறு சிலருக்கு நிற்பதில் சந்தேகமில்லை. இவ்வளவு பெரிய கூடத்துக்குப் பக்கத்தில் பீடப்பகுதி குட்டியாகத் தெரியும் என்பதே குறை. ஒற்றைக் கூடம் என்ற ஐவரில் போஃபிய் ஒருவர், அது அவர் வேலையாயிற்றே. சிற்பி அந்தோனி கனெத் இன்னொருவர். பின்னால் மயோர்க்காத் தீவில் பால்மாவின் வணிகர் மண்டபத்தைக் கட்டிய கிய்யெம் சக்ரேராவும் அந்தப் பக்கம்தான். கைதேர்ந்த ஆட்கள் சிறுபான்மையில் இருந்திருக்கிறார்கள்.

1417இல் பிஷப்பும் குழுவும் பெரும்பான்மையை ஒதுக்கிவிட்டு ஒற்றைக் கூடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளிச்சம் நிறைய வரும், கம்பீரமாக இருக்கும், செலவும் காலமும் குறையும் என்பது கணக்கு. காலக் கணக்கு பொய்த்துப்போனது; கூரை முழுதும் மூட 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் ஆகிவிட்டது. பத்தே ஆண்டில், 1427–28இல், ஜிரோனா இருக்கும் கட்டலோனியாவைப் பெரிய நிலநடுக்கங்கள் வேறு உலுக்கின.

எப்படி நிற்கிறது? வளைவு அகலமாக ஆக, சுவரை வெளியே தள்ளும் விசையும் கூடும். பாரிஸில் அதை வெளியே பறக்கும் முட்டுகள், அதாவது சுவரைத் தாங்கும் சாய்ந்த வளைவுகள், வாங்கிக்கொள்கின்றன. இங்கே தடித்த முட்டுச்சுவர்களைக் கூடத்தின் இரு பக்கமும் நிறுத்தி, இடைவெளிகளைச் சிற்றாலயங்களாக ஆக்கிவிட்டார்கள். வடக்குப் பக்கம் பழைய 11ஆம் நூற்றாண்டு மணிக்கூண்டையே ஒரு முட்டாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் சார்லமேன் கோபுரம். சார்லமேன் ஒரு பழைய ஐரோப்பியப் பேரரசர், இறந்தது 814இல், கோபுரத்தோடு அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

போனால் வாசல் பக்கத்திலிருந்து பீடத்தை நோக்கி நின்று பாருங்கள். பெரிய கூடமும் சிறிய பீடப்பகுதியும் சேரும் இடத்தில் ஒரு மொட்டைச் சுவர் மிஞ்சுகிறது. அதில் நடுவில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று வட்டச் சாளரங்கள் திறந்திருக்கிறார்கள். பீடப்பகுதி குட்டியாகத்தான் தெரிகிறது, அந்த ஏழு பேரில் சிலர் சொன்னது சரி. ஆனால் நான் போன காலையில் அந்த மூன்றின் வழியாகவும் வெயில் கூடத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது.