கரண்ட் போயி வந்துச்சு, நெட் வரல

கேள்வி: அண்ணா, பழைய மினி பிசி ஒண்ணுல பிஎஃப்சென்ஸ்ங்கிற சாஃப்ட்வேரைப் போட்டு, வீட்டு நெட்டுக்கு காவலா நிக்கிற ஃபயர்வாலா ஓட்டிட்டு இருக்கேன். போன வாரம் மூணு மணி நேரம் கரண்ட் போயி வந்ததுல இருந்து ஒரு சைட்டும் திறக்கல. 8.8.8.8ங்கிற கூகுள் சர்வருக்கு பிங் போகுது, சைட் பேரைப் போட்டா மட்டும் செர்வ்ஃபெயில்னு வருது. லேப்டாப்ல டிஎன்எஸ்ஸ (சைட் பேரை ஐபி நம்பரா மாத்திக் குடுக்கிறது) 8.8.8.8னு மாத்தினா எல்லாம் ஓடுது. மறுபடி இன்ஸ்டால் பண்ணிடவா?
(வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம் தம்பி, இன்ஸ்டால் பண்ணாதீங்க, முதல்ல அந்த பாக்ஸ்ல தேதி என்ன காட்டுதுன்னு பாருங்க. பிங் போகுதுன்னா லைன் நல்லா இருக்கு, லேப்டாப் நேரா 8.8.8.8ட்ட கேட்டு பதில் வாங்குதுன்னா டிஎன்எஸ் கேள்வி போற போர்ட் 53ம் அடைபடல, அப்போ சிக்கல் ஃபயர்வாலுக்குள்ள ஓடி பேரைத் தேடித் தர்ற அன்பவுண்ட்ங்கிற ப்ரோகிராம்லதான். செர்வ்ஃபெயில்ங்கிறதை நல்லா கவனிக்கணும். டைம்அவுட்னா கேள்விக்கு பதிலே திரும்பல, என்எக்ஸ்டொமைன்னா அப்படி ஒரு பேரே இல்ல, செர்வ்ஃபெயில்னா அன்பவுண்ட் உயிரோடதான் இருக்கு ஆனா அதால சரியான பதிலைத் தர முடியல.

ஏன் முடியலன்னா, போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரி செத்திருந்தா கரண்ட் போன உடனே கடிகாரம் பல வருஷம் பின்னாடி போயிடும். டிஎன்எஸ் பதில் போலி இல்லன்னு காட்டற டிஎன்எஸ்செக் கையெழுத்து ஒவ்வொண்ணுக்கும் எப்போ இருந்து எப்போ வரைக்கும் செல்லும்னு தேதி இருக்கு, 2015ல நிக்கிற பாக்ஸுக்கு இன்னைக்கு போட்ட கையெழுத்து இன்னும் செல்லுபடியாகாத கையெழுத்து, அதனால தள்ளிடும். கூகுள்.காம் கையெழுத்து போடாத பேருதானேன்னு கேப்பீங்க, ஆனா அதுக்கு மேல, எல்லா பேருக்கும் உச்சியில இருக்கிற ரூட் 2010லயும் டாட்காம் 2011லயும் கையெழுத்துக்கு மாறிடுச்சு, அந்த வழியாத்தான் எல்லாம் வந்தாகணும். சரி, நெட்ல இருந்து நேரம் வாங்கற என்டிபி நேரத்தை சரி பண்ணிடுமேன்னா, டைம் சர்வரை பேரா குடுத்திருக்கோம், அந்த பேரைத் தேட டிஎன்எஸ் வேணும், டிஎன்எஸ்ஸுக்கு சரியான நேரம் வேணும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துட்டு நிக்கும், ரீபூட் எத்தனை தடவை பண்ணாலும் அதேதான், இதுல ராத்திரி பூரா உக்காந்து ரூல்ஸ மாத்தி மாத்திப் பார்த்து நல்லா இருந்ததையும் கெடுத்துக்கிட்டவங்களை நிறைய பார்த்துட்டேன், நீங்க அதுல மாட்டிடக்கூடாது.

கன்சோல்ல 8 அழுத்தி ஷெல்லுக்குப் போயி டேட் கமாண்ட்ல சரியான தேதி நேரம் குடுங்க, அப்புறம் அன்பவுண்டை ரீஸ்டார்ட் பண்ணுங்க. கன்சோலுக்கு மானிட்டர் இல்லன்னா டிஎன்எஸ் ரிசால்வர் பக்கத்துல டிஎன்எஸ்செக் டிக்கை எடுத்து சேவ் பண்ணி, நேரம் சரியானதும் மறக்காம திரும்ப போட்டுடுங்க, அதை எடுத்தே விட்டுடறது எனக்கு சம்மதமில்ல. என்டிபி லிஸ்ட்ல 162.159.200.1னு ஒரு ஐபியையும் சேர்த்து வைங்க, அது கிளவுட்ஃபிளேரோட டைம் சர்வர், பேர் தேடாமலே கிடைக்கும். பேட்டரியையும் மாத்திடுங்க.

ஒருவேளை தேதி சரியாவே இருந்தா அன்பவுண்டை ஃபார்வர்டிங் மோடுக்கு மாத்தி 8.8.8.8ட்ட கேக்க சொல்லிப் பாருங்க. அப்போ ஓடுச்சுன்னா ரூட் சர்வர்களோட அது நேரா பேசற வழியில எங்கயோ தடை இருக்கு, ரிசால்வர் லாக்ல இருக்கற கடைசி இருபது வரியை எனக்கு அனுப்புங்க.