படியும் பஞ்சப்படியும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். படித்தவன், வயது 29. 2019இல் சேரும்போது 9,500 ரூபாய் சம்பளம், இப்போது 13,500. தீபாவளிக்குத் தீபாவளி முதலாளி பார்த்து ஏதாவது ஏற்றிக் கொடுப்பார். நாங்கள் குடியிருக்கும் போர்ஷனுக்கு அப்போது வாடகை 3,500, இப்போது 6,500. என்னோடு படித்தவன் சென்னையில் 28,000 வாங்குகிறான். மாதக் கடைசியில் அவன்தான் என்னிடம் ஐநூறு அனுப்பச் சொல்கிறான்.

நூறு நாள் வேலை வந்த பிறகு ஆள் கிடைப்பதில்லை, கூலி கண்டபடி ஏறிவிட்டது, அதனால்தான் விலைவாசியும் ஏறுகிறது என்று எங்கள் முதலாளி சொல்வார். அது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். உள்ளூரில் இந்தச் சம்பளத்திலேயே காலம் தள்ளுவதா, சென்னைக்குக் கிளம்புவதா? மாதம் ஆயிரம் ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி போடு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். இதையெல்லாம் உங்களைப் போன்ற எழுத்தாளர்கள் ஏன் எழுதுவதில்லை?

க.
கும்பகோணம்

அன்புள்ள க.,

எழுத்தாளனின் மாத வருமானம் என்ன என்று விசாரித்துவிட்டு அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். போகட்டும். எஸ்ஐபி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த வயதில் மொபெட்டை உதைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் பரணிலிருந்து இறக்கிய, நெல் அளக்கும் ஒரு மரக்காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

நூறு நாள் வேலையால் விலைவாசி ஏறுகிறது என்று முதலாளி சொன்னதை நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். கணக்கு எழுதுகிறவர்தானே, ஒரு பெருக்கல் போட்டுப் பார்த்தீர்களா? 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, அந்த 336 முழுசாகக் கைக்கு வந்தால் வருஷத்துக்கு 33,600. உங்கள் இரண்டரை மாதச் சம்பளம். நூறு நாளும் கிடைப்பதில்லை. 336 முழுசாக வருவதும் அபூர்வம், வெட்டிய மண்ணை டேப் பிடித்து அளந்து கழித்துவிடுவார்கள். வெயிலில் மம்பட்டியோடு நிற்கும் அறுபது வயது அம்மாளின் இந்தக் காசுதான் உங்கள் கடை எவர்சில்வர் குடத்தின் விலையை ஏற்றியதா? உங்கள் வீட்டு வாடகை மூவாயிரம் ஏறியதே, அதை எந்த நூறு நாள் வேலைக்காரி ஏற்றினாள்?

முதலாளி சொல்வதில் எனக்கு ஆச்சரியமில்லை. உங்களுக்கு ஏற்றாத சம்பளத்துக்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டும். அதை அவரிடமிருந்து இலவசமாக வாங்கி, அவருக்காக நீங்களே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

சரி. இப்போது உங்கள் கணக்கு. 9,500இல் வாடகை 3,500 போனால் மிச்சம் 6,000. 13,500இல் வாடகை 6,500 போனால் மிச்சம் 7,000. ஆறு வருஷத்தில் உங்கள் கைக்கு ஏறியது ஆயிரம் ரூபாய் தம்பி. அதற்குள்தான் பருப்பு, எண்ணெய், சிலிண்டர், பால், அம்மாவின் மாத்திரை, உங்கள் பைக்குக்குப் பெட்ரோல். உங்கள் வீட்டில் கல்யாணம் வருவதால் வேறொரு கணக்கும் உண்டு. 2019 தொடக்கத்தில் பவுன் 25 ஆயிரத்தைச் சுற்றி இருந்தது. அன்றைய சம்பளத்தை அப்படியே கொண்டுபோய் வைத்திருந்தால் மூன்று கிராம். 2025 அக்டோபரில் பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டியது. உங்கள் 13,500க்கு ஒன்றே கால் கிராம்கூட வராது, செய்கூலி சேதாரத்தை நான் சேர்க்கவே இல்லை. தங்கத்தை வைத்துச் சம்பளத்தை அளப்பது அநியாயம் என்பீர்கள். அநியாயம்தான். ஆனால் சம்பந்தி வீட்டார் வேறு எதைக் கொண்டு அளப்பார்கள்?

எதைக் கொண்டு அளப்பது என்பதுதான் சில மாதங்களாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் அப்பா ஒரு பண்ணையில் காரியக்காரர். மன்னார்குடிக்குத் தெற்கே. பண்ணையின் பெயர் வேண்டாம், அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் நல்லவர்கள், இதையும் படிப்பார்கள். எனக்கு ஒன்பது வயது, தை மாதம், சம்பா அறுவடை. களத்தில் தூற்றிய பொலி என் உயரத்துக்கு மேல் கிடக்கும். ஓர் ஓரமாக அறுத்தவர்கள் கூடையும் சாக்குமாக நிற்பார்கள். அப்பா குந்தி உட்கார்ந்து அளப்பார். எங்கள் பக்கம் முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று எண்ணுகிற வழக்கமில்லை. ‘லாபம்’ என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு. பண்ணைக்கு அளந்தாலும் லாபம், கூலிக்கு அளந்தாலும் லாபம்.

அளப்பது ஒரு வித்தை. பண்ணைக்கு வருகிற குத்தகை நெல்லை அளக்கும்போது மரக்காலை ஒரு குலுக்கு குலுக்குவார், நெல் உள்ளே அமர்ந்து இன்னும் ஒரு கை பிடிக்கும். மேலே கோபுரமாகக் குவிய விட்டுத்தான் தூக்குவார். கூலிக்கு அளக்கும்போது குலுக்கல் கிடையாது. நெல்லைப் பூப்போல அள்ளிப் போட்டு, கையால் தலையை வழித்துவிடுவார். மரக்காலைப் பிடித்த இடது கையின் பெருவிரல் வாய்க்கு உள்பக்கம் இருக்கும்.

ஒரு கிழவி இருந்தாள். பல்லெல்லாம் போய், காதில் ஓட்டை மட்டும் தொங்கும். அன்றைக்கு அவள் முறை வந்தபோது கூடையை நீட்டிக்கொண்டே, “ஐயா, அந்தப் பெருவிரல எடுத்து வெளிய வச்சுக்கிட்டு அளங்க. அது இருக்கிற எடத்துல என் பேத்திக்கு ஒரு வாய்க் கஞ்சி இருக்கு” என்றாள். களம் முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் சிரித்துவிட்டார். விரலை வெளியே எடுத்துக்கொண்டார். மேலே ஒரு கை நெல்லும் போட்டார்.

மத்தியானம் அப்பா சாப்பிடப் போனதும் நான் களத்திலேயே இருந்தேன். மரக்கால் இரண்டு இருந்தது. இரண்டுக்கும் வாயில் பித்தளைப் பூண், பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். விளையாட்டாகத்தான் ஒன்றில் நிறைய அள்ளி மற்றதில் கொட்டினேன். நிறையவில்லை. இரண்டு விரற்கடை குறைந்தது. எனக்கு அளக்கத் தெரியவில்லை என்று நினைத்து மறுபடி கொட்டினேன், மறுபடியும் அதே இரண்டு விரற்கடை. பின்னால் வந்து நின்ற அப்பா அடிக்கவில்லை. மரக்காலைக் கையிலிருந்து வாங்கி, “இது வாங்குறது, அது கொடுக்கிறது. போய்ச் சாப்பிடு” என்றார்.

கிழவி விரலை ஜெயித்தாள். மரக்காலை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவளுக்கு அது தெரியாது என்றுதான் ரொம்பக் காலம் நினைத்திருந்தேன். தெரிந்தேதான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. விரலைச் சொன்னால் சிரிப்பார்கள். மரக்காலைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது கீழத்தஞ்சையில் அன்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1968 டிசம்பர் 25 அன்றுதான் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்திருந்தார்கள். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட தகராறு என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். அதன் பிறகுதான் கூலிப் பிரச்சினையை விசாரித்த கணபதியா பிள்ளை ஆணையம், 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம், எல்லாம்.

நெற்கூலியை நான் புகழவில்லை. ஆனால் அதில் ஒன்று இருந்தது. நெல் விலை ஏறினால் கிழவியின் கூலியும் தானாக ஏறியது. கூலியைக் காசாக்கிய பிறகு, அறுப்பு மெஷின் வந்து களமே காலியான பிறகு, விலை ஏறும்போதெல்லாம் கூலியை ஏற்றச் சொல்லி யாராவது போய் நிற்க வேண்டியதாயிற்று. ஆலைத் தொழிலாளர்கள் அதற்கு முன்பே அப்படி நின்று வாங்கியதுதான் பஞ்சப்படி. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பஞ்சமும் இருக்கிறது, படியும் இருக்கிறது. இப்போது கௌரவமாக அகவிலைப்படி என்கிறோம். அகவிலை என்றாலும் தானிய விலைதான்.

அந்தப் படியை இன்று அளப்பது விலைவாசிக் குறியீட்டெண். நீங்கள் படித்த பி.காமில் இது ஒரு பாடமாக வந்திருக்கும், தேர்வு எழுதி மறந்திருப்பீர்கள். ஒரு குடும்பம் மாதம் என்னென்ன வாங்குகிறது என்று ஒரு கூடை கட்டுகிறார்கள். கூடையில் எதற்கு எவ்வளவு எடை, அதாவது செலவில் எவ்வளவு பங்கு, என்று முடிவு செய்கிறார்கள். பிறகு அந்தக் கூடையின் விலை ஏறுவதைப் பார்த்துப் படி போடுகிறார்கள். ஆலைத் தொழிலாளர் குறியீட்டில் 1982ஐ அடிப்படையாக வைத்த கூடையில் உணவுக்கு நூற்றுக்கு 57 எடை. 2001 கூடையில் 46. 2016 கூடையில் 39. ஊர் முன்னேறினால் வருமானத்தில் சாப்பாட்டுப் பங்கு குறையும், அது நியாயமான புள்ளியியல்தான், மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆனால் சராசரிக் குடும்பத்துக்குக் கட்டிய கூடை அது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, அரசே சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றதே, அப்போது சராசரிக்கும் கீழே இருக்கிற வீடு எவ்வளவு ஆடியதோ அவ்வளவு இந்தக் கூடை ஆடாது.

இன்னொரு கூடையைக் கேளுங்கள். நூறு நாள் வேலைக் கூலியை வருஷா வருஷம் திருத்திவந்தது விவசாயத் தொழிலாளர் குறியீட்டை வைத்து. அதன் அடிப்படை ஆண்டு 1986-87. கூடை கட்டியது 1983இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கை வைத்து. 2025 நடுப்பகுதி வரை அந்தக் கூடைதான். செல்போன் ரீசார்ஜ் இல்லாத காலத்துக் கூடை. நீங்கள் பிறப்பதற்குப் பல வருஷம் முன்னால் செய்த மரக்காலை வைத்து, நீங்கள் குறை சொல்கிற அந்த அம்மாளுக்கு 2025-26 கூலியை அளந்திருக்கிறார்கள். முதலாளியிடம் இதையும் சொல்லுங்கள்.

நல்ல மரக்காலும் இந்த நாட்டில் ஒன்று செய்துவைத்திருக்கிறார்கள். 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் குறைந்தபட்சக் கூலிக்குக் கணக்குச் சொன்னார்கள். ஆளுக்கு 2,700 கலோரி வீதம் மூன்று பேர் சாப்பாடு, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, விளக்கு விறகுக்கு நூற்றுக்கு 20. 1991இல் உச்ச நீதிமன்றம் இதோடு பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், திருவிழா, சடங்கு, முதுமை, கல்யாணம் எல்லாவற்றுக்குமாக நூற்றுக்கு 25 சேர்க்கச் சொன்னது. ரெப்டகாஸ் பிரெட் என்ற மருந்துக் கம்பெனியின் சென்னைத் தொழிலாளர்கள் நடத்திய வழக்கு. விலைவாசியோடு ஏறிக்கொண்டிருந்த பஞ்சப்படியைக் கம்பெனி மாற்றப் பார்த்தது, விட மாட்டோம் என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கல்யாணம் என்ற சொல் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது தம்பி. தங்கை கல்யாணம் உங்கள் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அது கூலியில் ஒரு பகுதி என்று நீதிபதி எழுதிவைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

உங்கள் கடைக்கும் ஓர் அளவு உண்டு. கடைகள், நிறுவனங்களுக்கென்று அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி இருக்கிறது. அதன் அகவிலைப்படியை ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் சென்னை விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து மாற்றுவார்கள். உங்கள் கடையில் ஏப்ரலில் ஏதாவது மாறியதுண்டா? தீபாவளிக்கு முதலாளி ‘பார்த்து’ ஏற்றுவது அது அல்ல. அது விரலை வெளியே எடுத்துவிட்டு மேலே ஒரு கை போடுவது. நீங்கள் சிரித்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வருகிறீர்கள். கடையில் வேலை செய்பவர் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கே இங்கே 2021இல் சட்டம் போட வேண்டியிருந்தது, எனவே தானாக எதுவும் வராது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் போய் இந்த வருஷ அறிவிப்பைக் கேட்டு, கடைப் பேரேட்டுப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டு மரக்காலையும் ஒன்றில் ஒன்று கொட்டிப் பார்ப்பதற்குத்தான் சொல்கிறேன்.

சென்னைக்குப் போவதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது. இருபத்தெட்டாயிரம் வாங்குகிறவன் உங்களிடம் ஐநூறு கேட்பதில் பாதிப் பதில் இருக்கிறது. போவதானாலும் கல்யாணம் முடிந்த பிறகு போங்கள். அங்கே வீட்டுக்கு முன்பணமே பல மாத வாடகை கேட்பார்கள், இந்தச் சமயத்தில் உங்களால் முடியாது. திட்டியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்பா 1998இல் போனார். கொடுக்கிற மரக்காலை நான் எடுத்துக்கொண்டேன். வாங்குகிறது அண்ணன் வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் தாத்தா காலத்துச் சாமான் என்று காட்டுவார். தங்கை கல்யாணத்தில் மணவறைக்கு முன்னால் நிறைமரக்கால் வைப்பீர்கள் அல்லவா? உங்கள் கடையிலேயே எவர்சில்வரில் இருக்கும். அது வேண்டாம். அண்ணனிடம் சொல்லிப் பெரியதை வாங்கி வைக்கிறேன், ஒரு நாள் வந்து எடுத்துப் போங்கள்.

அன்புடன்.