பெரிய நோயிலிருந்து மீண்டு வந்த நாட்களில் உங்களுக்குத் தெம்பு தந்த சின்ன விஷயங்கள் எவை?

எனக்கு வந்தது நுரையீரல் காசநோய். ஊர் குன்னூர். 'நம்பிக்கையோடு இரு' என்று சொல்லாத ஆளில்லை. அதனால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. தெம்பு வந்ததெல்லாம் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத் தெரிந்துகொண்ட விஷயங்களில்தான்.

முதல் மாத்திரை போட்டதுமே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது, பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சரி, மருந்து உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒரு நிம்மதி.

சிகிச்சை மொத்தம் 6 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து. தினம் எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது: 35 முதல் 49 கிலோ வரை 3, ஐம்பதைத் தொட்டால் 4. நான் ஆரம்பித்தது மூன்றில். இரண்டாம் மாத முடிவில் எடை பார்த்தபோது முள் ஐம்பதைத் தாண்டி நின்றது. சுகாதாரப் பணியாளர் அக்கா அட்டையில் திருத்திக்கொண்டே, "இனிமே நாலு" என்றார். மாத்திரை கூடியதற்காகச் சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். அம்மாவுக்கு போன் போட்டால், "ஐயோ, நோய் முத்திடுச்சா?" என்று பதறிவிட்டார். புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மலையூரில் எல்லாமே ஏற்றம்தான். பஸ் ஸ்டாண்டு கீழே, வீடு மேலே பெட்ஃபோர்டு பக்கம். நின்று மூச்சு வாங்கும் இடங்கள் எனக்கு மனப்பாடம்: பேக்கரி வாசல், அப்புறம் தண்ணீர்க் குழாய், அப்புறம் ஒரு வீட்டுத் திண்ணை. ஒருநாள் திண்ணைக்கு வந்த பிறகுதான், குழாயடியில் நிற்கவே இல்லையே என்று உறைத்தது. திரும்பிப் போய் நின்றுவிட்டா வர முடியும்!

காசநோய் காற்றில் பரவுவது, டம்ளரில் ஒட்டிக்கொள்வதில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு அக்கா எனக்கு மட்டும் பேப்பர் கப்பில்தான் டீ தருவார். நான் கோபப்படவில்லை, அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். சளிப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்த பிறகும் கப் மாறவில்லை. கார்த்திகை மழை கொட்டிய ஒரு சாயங்காலம், அவர்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரில், சுடச்சுட, விளிம்பில் நுரை வழிய நீட்டினார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மருந்து ஆரம்பித்த வாரங்களில் ஃபேக்டரியில் தேயிலை வாட்டும் வாசனையே குமட்டும் எனக்கு. அன்றைக்கு இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஊட்டச்சத்துக்கு அரசு தரும் மாதப் பணம் முட்டைக்கே போனது. 2018-ல் 500 ரூபாயாகத் தொடங்கிய திட்டம் அது. 2024 நவம்பரிலிருந்து 1,000.

ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்றாம் மாதத்துக்கு மேல் இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. "நல்லாத்தானே இருக்கேன், நிறுத்திடலாமாக்கா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கறதே மாத்திரையாலதான் கண்ணு. பாதியில விட்டா கிருமி மருந்துக்கு அடங்காது. அப்புறம் வேற மருந்து, முதல்லேர்ந்து" என்றார் அந்தச் சுகாதாரப் பணியாளர் அக்கா. நீங்கள் எந்த நோயிலிருந்து மீள்கிறீர்கள் என்று எழுதவில்லை. காசநோய் என்றால், இதே கேள்வி உங்களுக்கும் வரும். கேட்டுவிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொள்ளுங்கள்.