மதில்மேல் போனது பூனைதானா?

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வீட்டுத் தோட்டங்களுக்கு வந்துபோகும் சிறு விலங்குகளைப் பற்றி இன்று கேட்கலாம். முப்பது ஆண்டுகள் விலங்கியல் பாடம் நடத்திவிட்டு, இப்போது டார்ச்சும் கையுமாகத் தெருவில் திரிகிறவன் நான். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், தரையிலா மரத்திலா, காலையில் அங்கே என்ன எச்சம் கிடந்தது, இவை மூன்றையும் எழுதுங்கள். "பூனை மாதிரி இருந்தது" என்று மட்டும் எழுதினால் நானும் "இருக்கலாம்" என்று மட்டுமே பதில் எழுதுவேன்.

சேலையூர்: இரவு ஒன்றரை மணி. மதில்மேல் கருநிறத்தில், பூனையைவிட நீளமாக ஒன்று போயிற்று. உடம்பளவுக்கு வால். காலையில் மதில்மேல் சப்போட்டா விதைகளோடு எச்சம். என்ன சார் அது?

மரநாய். கேள்வி என்றால் இப்படிக் கேட்க வேண்டும்.

பெயரில்தான் நாய். நாயும் இல்லை, பூனையும் இல்லை, புனுகுப்பூனையின் குடும்பத்தைச் சேர்ந்தது. சாம்பலும் கறுப்புமான முரட்டு மயிர், முதுகில் மங்கலான கோடுகள், கண்ணைச் சுற்றி முகமூடி போட்டதுபோல் கருமை. எடை மூன்று நான்கு கிலோ இருக்கும். எலி, பூச்சி எல்லாம் தின்னும் என்றாலும் பழம் என்றால் உயிர். பனையில் கட்டிய கலயத்தில் இறங்கிக் கள்ளையும் குடித்துவிடும். ஆங்கிலத்தில் அதற்குக் கள்ளுப்பூனை என்றே ஒரு பெயர் உண்டு.

எச்சத்தை ஒளிக்காது. மதில், பாறை, மொட்டைமாடி விளிம்பு என்று எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டுப் போகும். விதைகள் உடையாமல் வெளியே வரும். என் வீட்டு மதிலடியில் நான் நடாத பப்பாளி ஒன்று மூன்றாண்டுகளாகக் காய்க்கிறது. நட்டவரை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

புனுகுப்பூனையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு வாலில் வளையங்கள் உண்டு, உடம்பில் புள்ளிகள் வரிசையாக ஓடும், பெரும்பாலும் தரையில்தான் நடமாடும். மரநாயின் வாலில் வளையம் கிடையாது.

மேடவாக்கம்: நள்ளிரவில் கூரைமேல் யாரோ நடக்கிறார்கள். மாமியார் பேய் என்கிறார்.

மரநாய். பேய் எச்சம் போடாது. காலையில் ஏறிப் பாருங்கள்.

பெருங்களத்தூர்: எங்கள் வீட்டுப் பரணிலும் அதுதான். கூண்டு வைத்துப் பிடித்து வண்டலூர் காட்டில் விட்டுவிடலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் பிடிப்பதும் பொறி வைப்பதும் அடங்கும். கொல்லவில்லை, காட்டில்தானே விட்டேன் என்பது அங்கே செல்லாது. கூரையைத் தொடும் கிளையை வெட்டுங்கள். அது இரவில் வெளியே போன பிறகு ஓட்டையை அடையுங்கள். உள்ளே குட்டிகள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அடையுங்கள். குட்டி இருந்தால் தாயே கொண்டுபோகும்வரை பொறுக்க வேண்டியதுதான்.

கையோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: எலி பிடிக்கும் பசை அட்டையை வாங்காதீர்கள். அதில் எலி மட்டுமா ஒட்டுகிறது? அரணை, ஓணான், அணில் குஞ்சு, ஒருமுறை ஒரு புள்ளி ஆந்தை. எண்ணெய் தடவித் தடவி அதை விடுவிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

செம்பாக்கம்: பகல் பதினொரு மணி. பழுப்பும் சாம்பலுமாக, தரையோடு தரையாக, முனை கூரான வாலோடு வேலிக்குள் நுழைந்தது. கீரியா? அதற்குப் பாம்பு விஷம் ஏறாது என்பது உண்மையா?

கீரிதான். பகலில் துணிந்து நடமாடுவதே போதுமான அடையாளம். விஷம் அறவே ஏறாது என்பதில்லை. நல்லபாம்பின் நரம்பு நஞ்சு தசையில் போய் ஒட்ட வேண்டிய இடம் கீரிக்குச் சற்றே வேறு வடிவத்தில் அமைந்திருக்கிறது. அதனால் நஞ்சு சரியாக ஒட்டுவதில்லை. அதற்கும் மேல் அதன் வேகம். கடிபட்டதும் ஓடிப்போய் ஏதோ வேரைத் தின்று வரும் என்பதெல்லாம் வேர் விற்பவர் சொன்ன கதை. கீரிமயிர்த் தூரிகை என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

குரோம்பேட்டை: குளியலறைச் சாக்கடை வழியாக நீண்ட மூக்கோடு எலி வருகிறது. கண் தெரியாதது போலச் சுவரை ஒட்டியே ஓடுகிறது. நாற்றம் தாங்கவில்லை. என்ன மருந்து வைக்கலாம்?

மருந்து வேண்டாம். அது எலியே இல்லை, மூஞ்சூறு. எலி கொறிக்கும் இனம். மூஞ்சூறு பூச்சி தின்னும் இனம். முள்ளெலிதான் அதற்கு நெருங்கிய உறவு. எலிக்கு முன்னால் உளிபோல் பல் இருக்கும், மூஞ்சூறுக்கு ஊசி ஊசியாக. கண் கடுகளவு. அந்த நாற்றம் விலாவில் உள்ள சுரப்பியிலிருந்து வருவது. உங்கள் வீட்டுக் கரப்பான்களை இரவெல்லாம் கூலியில்லாமல் தின்கிறது.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில் பக்கத்து வீட்டம்மா "பாம்பு" என்று கத்தினார். போய்ப் பார்த்தேன். சுவரோரமாகச் சாம்பல் நிறத்தில் முழ நீளத்துக்கு ஏதோ நெளிந்து நெளிந்து போனது. குனிந்து டார்ச் அடித்தால், முன்னே தாய். தாயின் வாலடியை ஒரு குட்டி கவ்வியிருக்கிறது, அதன் வாலடியை இன்னொன்று, அப்படியே ஐந்து. கடைசிக் குட்டி திருப்பத்தில் வழுக்கியது. பிடியை மட்டும் விடவில்லை. தடியோடு வந்தவர்கள் தடியை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தோம்.

நங்கநல்லூர்: பிள்ளையார் வாகனத்தை எலி இல்லை என்கிறீர்களே? 'முப்பழ நுகரும் மூஷிக வாகன' என்று அகவலிலேயே இருக்கிறது. மூஷிகம் என்றால் எலி.

வடமொழியில் எலிதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் மூஞ்சூறு வாகனம் என்றுதானே சொல்கிறோம்? பெயரின் ஓசை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால் வந்த இடமாற்றம் என்பது என் ஊகம்.

பல்லாவரம்: இரண்டுமே தவறு. அந்தத் தொந்தியைச் சுமக்கப் பெருச்சாளியால்தான் முடியும்.

எடையை வைத்து முடிவு செய்வதென்றால் யானைமுகனுக்குப் பெருச்சாளியும் போதாது. ஆனாலும் பெருச்சாளிக் கட்சிக்கு ஒரு வலு உண்டு: பல கோயில்களில் கல் வாகனத்துக்குத் தடித்த கழுத்தும் மழுங்கிய முகமுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். தெலுங்கில் பெருச்சாளியைப் 'பந்திக்கொக்கு', அதாவது பன்றியெலி என்பார்கள். ஆங்கிலத்துக்கு 'பேண்டிகூட்' போனது அங்கிருந்துதான்.

நங்கநல்லூர்: மூக்கை வைத்துச் சொல்லுங்கள் ஐயா. சிலையில் மூக்கு நீளமா, குட்டையா?

எங்கள் தாத்தா ஊர்க் கோயிலில் இதே சந்தேகத்தோடு போய்ப் பார்த்தேன். மூக்கு எப்போதோ உடைந்து சிமெண்டால் ஒட்டியிருந்தார்கள். நீளம் கொத்தனார் முடிவு செய்தது.

வாகனத்தைப் பற்றி மட்டும் இதுவரை ஆறு பேர் எழுதிவிட்டீர்கள். இனி வருவதற்குப் பதில் இல்லை.

கோவில்பட்டி: தோட்டத்தில் முள்ளெலி கிடைத்தது. முள்ளைச் சுட்டுக் கொடுத்தால் கக்குவான் இருமல் தீருமாமே?

தீராது. தடுப்பூசி இருக்கிறது. முள்ளெலியை எடுத்த இடத்திலேயே விடுங்கள்.

ஊரப்பாக்கம்: அரணை கடித்தால் மரணமா?

எதுகைக்காகச் சொன்னது. அரணைக்கு விஷம் இல்லை.

முடிச்சூர்: மூஞ்சூறு மகன் விரலைக் கடித்துவிட்டது.

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த விலங்கு கடித்தாலும் இதுதான். என் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

பம்மல்: மூஞ்சூறுக்குப் பசை அட்டை வைக்கலாமா?

மேலே படியுங்கள்.

மாடம்பாக்கம்: சார், ராத்திரி மதில்மேல் பூனை மாதிரி ஒன்று...

எச்சத்தில் விதை இருந்ததா?