ரயிலை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாகப் பொத்துவிலுக்கு ரயில் பாதை வரும் என்று ஒரு தரகர் காகிதமொன்றைக் காட்டுகிறார். பயண நேர மிச்சம், காணி விலையேற்றம், புதிய வேலைகள் எல்லாவற்றையும் கூட்டிப் பல கோடி நன்மை என்று அதில் இருக்கிறது. நகையை அடகு வைத்துப் பத்துப் பேர்ச் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காகிதம் ஒரே லாபத்தை இரண்டு தடவை எண்ணியிருக்கிறது. ரயிலால் ஒருவருக்குத் தினமும் அரை மணி மிச்சம் என்று வையுங்கள். அந்த அரை மணிக்காகத்தான் அவர் நிலையத்தடிக் காணிக்குக் கூடுதல் காசு கொடுக்கிறார். நேர மிச்சத்தோடு விலையேற்றத்தையும் கூட்டுவது, அறுத்த நெல்லையும் அதை விற்ற காசையும் சேர்த்து வருமானம் சொல்வது போல. வேலைகளும் அப்படித்தான். ஆரையம்பதியில் மூடிய கடை நிலையத்தடியில் திறந்தால் அது புதிய வேலை இல்லை.

உண்மையில் மேலதிகமாக வரும் நன்மையும் உண்டு. லண்டன் நகரத்தைக் குறுக்கே கடக்கும் கிராஸ்ரயில் என்ற ரயில் பாதைக்கு 2005இல் போட்ட கணக்கில், பயணிகளுக்கான நன்மை சுமார் 12.8 பில்லியன் பவுண். அதற்கு மேல் சுமார் 7 பில்லியன். இந்த 7 எப்படி வந்தது? நகர மையத்தில் கூடுதல் சம்பள வேலைக்குப் போகிறவர் கூடுதல் வரி கட்டுகிறார். அது அவர் கைக்கு வராததால் அவருடைய நேரக் கணக்கில் சேராது. ஏறக்குறைய பாதி அப்படி வந்த வரிதான். நிறுவனங்களும் ஆட்களும் நெருங்குவதால் எல்லோருடைய உற்பத்தித்திறனும் கூடுவது இன்னொரு பெரிய பகுதி. ஆனால் லண்டன் மையத்தில் வேலைகள் குவிந்து கிடந்தன. ரயிலில் இடமில்லாததுதான் தடை. நம் கரையோரத்தில் வேலைகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன. அந்த விகிதத்தை இங்கே ஒட்டுவது ஏமாற்று.

இந்த வித்தியாசத்தை ஒரு பக்கம் தமிழில் எழுதிப் பிரதேச செயலகச் சுவரில் ஒட்டினால் தரகர்களின் பாதிப் பிழைப்பு போய்விடும். ஏன் ஒட்டுவதில்லை? மேடையில் கோடிகளைச் சொல்ல மட்டும் ஆள் இருக்கிறது.

தரகரிடம் வர்த்தமானியைக் கேளுங்கள். காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தலைக் காட்டினாலும் மயங்க வேண்டாம். அது காணியை அளந்து ஆராய்வதற்குத்தான். பாதை உங்கள் பத்துப் பேர்ச்சின் நடுவாலேயே போகவும் கூடும். கொழும்பு இலகு ரயிலுக்கு ஜப்பானுடன் கடன் ஒப்பந்தமே கைச்சாத்தாகியிருந்தது, 2020இல் கைவிட்டார்கள். அப்புறம் அனுமதிப்பத்திரக் காணியா, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்று பாருங்கள். பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அதை விற்க முடியாது. “அற்றோணித் தத்துவம் எழுதித் தருகிறேன்” என்று சொன்னால் உடனே எழும்பி வந்துவிடுங்கள். அது இன்னொருவருக்காகச் செயற்படக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் மட்டும்தான், காணி உங்கள் பெயருக்கு வராது.

குடியிருக்கக் காணி தேவையா, சரி, ரயில் வராவிட்டாலும் பெறுமதியான விலைக்கு, காணிப் பதிவகத்தில் உறுதியைத் தேடிப் பார்த்து, கையிலுள்ள காசுக்கு வாங்குங்கள். ரயிலுக்குத் திகதி இல்லை; அடகு வட்டி மாதாமாதம் ஏறும்.