ராபர்ட் பேர்ட்: 51 வருட செனட்டர், கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க செனட்டில் அதிக காலம் இருந்தவர் யார்?

பதில்: மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட். ஜனநாயகக் கட்சி. 1959 ஜனவரியில் செனட்டுக்குள் போனவர், 2010 ஜூன் 28-இல் 92 வயதில் இறந்தபோதும் செனட்டர்தான். அதற்கு முன்பு ஆறு வருடம் பிரதிநிதிகள் சபையிலும் இருந்தார்.

கேள்வி: பணக்கார வீட்டுப் பிள்ளையா?

பதில்: அதெல்லாம் இல்லை. 1918 விஷக்காய்ச்சலில் தாய் போய்விட்டார். உறவினர் வீட்டில், நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வளர்ந்தார். பெட்ரோல் பங்க், இறைச்சிக்கடை, கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். செனட்டராக இருந்துகொண்டே இரவு வகுப்புக்குப் போய் 1963-இல் சட்டப் பட்டம் வாங்கினார். ஃபிடிலும் நன்றாக வாசிப்பார்.

கேள்வி: வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானில் இருந்தாராமே, உண்மையா?

பதில்: உண்மை. 1940-களின் தொடக்கத்தில் சேர்ந்தார். சும்மா உறுப்பினர் இல்லை, தன் ஊர்ப்பக்கம் ஆள் சேர்த்தவர். இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் 1964 குடிமை உரிமைச் சட்டத்தைத் தடுக்க செனட்டில் 14 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பேசினார். மறு வருடம் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்து வாக்களித்தார். "இளமைத் தவறு" என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. 1964-இல் அவருக்கு வயது 46. ஆனால் 1968 குடிமை உரிமைச் சட்டத்தை ஆதரித்தார், மார்ட்டின் லூதர் கிங் விடுமுறைக்கும் வாக்களித்தார். க்ளானில் சேர்ந்ததற்காகப் பலமுறை வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2008-இல் ஒபாமாவை ஆதரித்தார். மனம் மாறியதா, காலம் மாற்றியதா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன்.

கேள்வி: அவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது?

பதில்: விதிப்புத்தகம்! அவையின் நடைமுறை விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அரசியலமைப்பின் சின்னப் பிரதி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். செனட்டில் வழக்கமாக ஒரு மசோதா மீதான விவாதத்தை முடிக்கவே 60 வாக்கு வேண்டும். பட்ஜெட் சமரச மசோதா என்ற தனி வழியில் போனால் சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்த வழியில் பட்ஜெட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களைத் திணிக்க விடாமல் இவர் கொண்டுவந்த தடைக்கு 'பேர்ட் விதி' என்றே பெயர். அப்புறம் 1989-இல் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவரானார். மத்திய அரசுப் பணம் மேற்கு வர்ஜீனியாவுக்கு ஆறாக ஓடியது. அங்கே எந்தச் சாலையில் போனாலும் அவர் பெயர்ப்பலகை கண்ணில் படும்.

கேள்வி: ஈராக் போர்?

பதில்: 2002-இல் எதிர்த்து வாக்களித்தார்.

கேள்வி: செனட்டர் டெட் கென்னடியோடு பகை என்கிறார்களே?

பதில்: தொடக்கத்தில் இருந்தது. 1971-இல் செனட் கட்சிக் கொறடா பதவியிலிருந்து கென்னடியைத் தோற்கடித்தவரே பேர்ட்தான். பிறகு நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். 2009 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மருத்துவக் காப்பீட்டு மசோதா வாக்கெடுப்பு. கென்னடி இறந்து நான்கு மாதம். பேர்ட் சக்கர நாற்காலியில் வந்து, இது என் நண்பர் டெட் கென்னடிக்காக என்று சொல்லி ஆதரவு வாக்கைப் போட்டார்.