பானட்டில் காய்ந்த வேப்பம்பிசின்: தின்னர் வேண்டாம்

கார் பானட்ல காய்ஞ்சு ஒட்டின வேப்பம்பிசினை எடுக்கப் பெயின்ட் தின்னரைக் கையில் எடுக்காதீங்க, சார். பிசினோட பெயின்டும் சேர்ந்து கரைஞ்சு வந்துடும், அதுவும் ஏற்கெனவே டச்சப் பண்ண, அதாவது மேல பெயின்ட் பூசிச் சரிபண்ண இடம்னா உடனே மங்கிடும். நகத்தால சுரண்டுறதும் வேண்டாம். பிசினுக்குள்ள மாட்டியிருக்கிற மண்துகள்தான் கோடு போடும்.

வேப்பம்பிசின் தண்ணியில ஊறிக் கரையுற ஜாதி. அதனால வண்டியை நிழல்ல விட்டு, பானட் ஆறினதும் தூசு போகக் கழுவுங்க. பழைய பருத்தித் துணியை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுப் பிசின் மேல பத்து நிமிஷம் போட்டு வைங்க. கண்ணாடி மாதிரி இருந்தது கொழகொழன்னு ஆயிடும். அப்போ துணியாலயே மெதுவா வழிச்சு எடுங்க. அசையலைன்னா மறுபடி ஊறட்டும், அழுத்தித் தேய்க்காதீங்க. இதுல பொறுமைதான் முக்கியம்.

கடைசியா ஒட்டியிருக்கிற மெல்லிய கறைக்கு, மெடிக்கல்ல கிடைக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில தொட்டு ஒத்தி எடுக்கலாம். முதல்ல கதவோட உள்விளிம்புல சோதிச்சுப் பாருங்க. ஷாம்பு போட்டுக் கழுவித் துடைச்சதும் அந்த இடத்துல வேக்ஸ் கட்டாயம் போடணும், பழைய வேக்ஸ் போயிருக்கும்.

மாமரத்தடியில பூக்குற சீசன்ல சொட்டுற பிசுபிசுப்பு பெரும்பாலும் தத்துப்பூச்சி விடுற தேன்கழிவு. அது வெறும் ஷாம்புத் தண்ணியிலயே போயிடும், கருக்குறதுக்குள்ள கழுவிடுங்க.